குடைக்கம்பி போட்ட ஓட்டை

பூவார்
4 மார்ச் 2024

உதியன்குளங்கரை ஆக்கர் கடை உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. களியக்காவிளையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை சாலையோரத்தில் பழைய பேப்பர் எடுக்கும் கடைகள் ஒன்பது உண்டு என்று தபால்காரர் எழுதித் தந்தார். ஒன்பதுக்கும் இதே கடிதத்தைக் கையால் எழுதி அனுப்புகிறேன். உங்களுடையது ஆறாவது. எழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் புஷ்பபாய். பாறசாலைப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் முப்பத்துமூன்று வருடம் தமிழ் டீச்சராக இருந்தேன். சிறுவர்களுக்குக் கதைகள் எழுதினேன். மூன்று புத்தகங்கள் வந்தன. ஆனால் தொடக்க காலத்தில், 1974, 75இல், நாகர்கோவிலிலிருந்து வந்துகொண்டிருந்த 'சிற்றெறும்பு' என்ற சிறுவர் மாத இதழில் எழுதிய ஏழு கதைகள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. என்னிடம் இருந்த பிரதிகள், கடல் பொங்கி வீட்டுக்குள் தண்ணீர் ஏறிய வருடம், பெட்டியோடு கூழாகிவிட்டன. அந்த இதழ் நின்று நாற்பது வருடம் ஆகிறது. நடத்தியவர்களும் இல்லை. நூலகங்களில் கேட்டாயிற்று.

இப்போது நாகர்கோவில் பதிப்பகம் ஒன்று என் கதைகள் அனைத்தையும் ஒரே தொகுப்பாகப் போடுகிறது. அதன் ஆசிரியர் அனூப், மே மாதம் அச்சுக்குப் போக வேண்டும், கிடைக்காதவற்றை விட்டுவிடலாம் என்கிறார். எனக்கு எழுபத்திரண்டு வயது. இனி ஒரு தொகுப்பு வராது. அந்த ஏழும் இல்லாமல் வந்தால், நான் எழுதத் தொடங்கிய இடமே காணாமல் போய்விடும்.

தலைப்புகளைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அப்படி ஏதாவது கட்டு உங்கள் கடைக்கு வந்தால் தயவுசெய்து மில்லுக்கு அனுப்பிவிடாதீர்கள். எனக்குக் காது கேட்காது. போன் செய்தாலும் நேரில் வந்தாலும் பயனில்லை. ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அன்புடன்,
புஷ்பபாய்


உதியன்குளங்கரை
9 மார்ச் 2024

புஷ்பபாய் டீச்சருக்கு,

நீங்கள் தேடும் சரக்கு என்னிடம் உண்டு. பாக்கிக் கடைகளுக்கு எழுதிக் கை நோக வேண்டாம்.

போன மாதம் ஒரு பழைய வீட்டை இடிப்பதற்கு முன் ஒழித்துக்கொடுத்தார்கள். பரணில் ஒரு கட்டு. படம் வரைகிற கெட்டித்தாளில் பொதிந்து, குறுக்கும் நெடுக்கும் சணல் போட்டு, உள்ளே பாச்சை உருண்டை. பழைய உருண்டை கரைந்துபோக, அதன் மேல் புதியது, அதற்கும் மேல் இன்னொன்று. யாரோ வருடாவருடம் ஏறி வைத்திருக்கிறார்கள். ஐம்பது வருடத் தொழிலில், எலி தொடாத பரண்கட்டு நான் பார்த்தது இது ஒன்றுதான்.

மொத்தம் பதினாறு 'சிற்றெறும்பு'. உங்கள் தாளைப் பக்கத்தில் வைத்துத் தலைப்புப் பார்த்து டிக் அடித்தேன். ஏழும் இருக்கின்றன.

எட்டாவதும் ஒன்று இருக்கிறது. 1976 பிப்ரவரி இதழில், 'கடலைப் பொட்டலம்'. அதை உங்கள் தாளில் காணவில்லை. மறந்தீர்களா, வேண்டுமென்று விட்டீர்களா, எனக்குத் தெரியாது. நான் மறக்கவில்லை. வகுப்பில் ஆணியில் தொங்கும் பத்திரிகைக் கட்டை, முன்பல் உடைந்த ஒரு பையன் திருடிக் கடலைக்காரனிடம் கொடுத்துக் கடலை தின்கிறான். டீச்சர் பொட்டலத்தைப் பிரித்தால், உள்ளே அவர் எழுதிய கதையே இருக்கிறது. பையன் அழுது மன்னிப்புக் கேட்கிறான். வகுப்பே கை தட்டுகிறது.

அந்த முன்பல் உடைந்த பையன் நான்தான். ஐந்து பி, ஜெயதாஸ். அழுதது உண்மை. மன்னிப்பு நான் கேட்கவில்லை, யாரும் கை தட்டவும் இல்லை. நான் எடுக்கவும் இல்லை.

கதையில் பெயர் போடவில்லை என்று சொல்வீர்கள். பல் போட்டீர்கள். பாறசாலையில் அது போதும். அப்பா அடித்து, அந்த வாரமே பள்ளிக்கூடத்தை நிறுத்தி, நெய்யாற்றின்கரையில் ஒரு ஆக்கர் கடையில் மூட்டை தூக்க விட்டார். ஆறு மாதம் கழித்துக் கதை வந்தது. அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'பொட்டலம்'. எனக்கு இப்போது ஐம்பத்தொன்பது வயது. போன ஞாயிறு சபை வாசலில் ஒருவன், பேரப்பிள்ளை எடுத்தவன், சொன்னான்: "பொட்டலம் வாறான், வழி விடுங்கடே." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அடுத்த ஞாயிறும் சொல்வான்.

அதனால்தானே இன்றைக்குக் கடை வைத்து நன்றாக இருக்கிறாய் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கடை என் முதுகால் வந்தது, உங்கள் கதையால் அல்ல.

ஏழு கதையும் உங்களுக்கு உண்டு. காசு வேண்டாம். புதுப் புத்தகத்தில் ஒரு பக்கம் வேண்டும். 'பத்திரிகைக் கட்டை ஜெயதாஸ் எடுக்கவில்லை' என்று உங்கள் கையெழுத்தோடு. உங்கள் பேரப்பிள்ளைகள் வழியாக வாட்ஸ்ஆப்பில் ஒன்றும் அனுப்ப வேண்டாம். அதை யாரும் அழித்துவிடலாம். எனக்கு அச்சில் வந்தது அச்சில்தான் போக வேண்டும்.

ஜெயதாஸ்


பூவார்
16 மார்ச் 2024

திரு. ஜெயதாஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நினைவில்லை என்று எழுத முடிந்தால் எனக்கு எளிதாக இருக்கும். நினைவிருக்கிறது.

நீங்கள் பட்ட அடிக்கு வருந்துகிறேன். பள்ளியிலிருந்து நின்றதற்கும். அப்பாவைக் கூட்டிவரச் சொன்னேனே தவிர நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கேட்பதை என்னால் எழுத முடியாது. நடக்காததை நடந்ததாக எழுதுவது கதையில் சரி. கையெழுத்துப் போட்டு எழுத முடியாது.

நான் ஊகத்தில் சொல்லவில்லை. பள்ளி வாசலில் நீங்கள் தின்றுகொண்டிருந்த அந்தப் பொட்டலத்தின் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். ஜூன் இதழ், பதினோராம் பக்கம், என் கதையின் கடைசிப் பக்கம். எண்ணெய்க் கறையோடு 1975 நாட்குறிப்பில் மடித்து வைத்தேன். நாட்குறிப்பு அலமாரியின் மேல்தட்டில் இருந்ததால் தண்ணீரிலிருந்து தப்பியது. கட்டு காணாமல் போனது திங்கட்கிழமை. புதன்கிழமை அந்தத் தாள் உங்கள் கையில். அந்தக் கட்டுக்குப் பொறுப்பு நீங்கள். எடுக்கவில்லை என்றால் அன்றே சொல்லியிருக்கலாம். நாற்பது பிள்ளைகள் முன்னால் மூன்று முறை கேட்டேன். நீங்கள் வாயைத் திறக்கவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். வகுப்புப் பிரதிகள் எல்லாவற்றிலும் பள்ளி முத்திரை குத்தியிருந்தோம். உங்களிடம் இருக்கும் கட்டில் அது இருக்கிறதா? இருந்தால், காணாமல் போன அதே கட்டு ஐம்பது வருடம் கழித்து உங்கள் கடையில் எப்படி வந்தது என்று மற்றவர்கள் கேட்பார்கள். நான் கேட்கவில்லை.

21ஆம் தேதி அனூப் உங்கள் கடைக்கு வருவார். நியாயமான விலை கொடுப்பார். கதைகளைக் கொடுத்துவிடுங்கள். அவை குழந்தைகளுக்காக எழுதியவை. நம் இருவர் சண்டையில் அவை மாட்ட வேண்டாம்.

புஷ்பபாய்


உதியன்குளங்கரை
23 மார்ச் 2024

டீச்சருக்கு,

'நான் கேட்கவில்லை' என்று எழுதிக் கேட்டுவிட்டீர்கள். நல்ல எழுத்தாளர்தான்.

உங்கள் அனூப் வந்தார். "அண்ணாச்சி, இது இலக்கியச் சொத்து, கிலோ கணக்கில் பாக்காதீங்க" என்றார். "இது ஆக்கர் கடையாக்கும் மக்கா, இங்க கிலோ மட்டும்தான் உண்டு" என்றேன். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். கட்டைக் காட்டவில்லை.

முத்திரை கேட்டீர்கள். இருந்தது, இப்போது இல்லை. எங்கள் தொழிலில் வழவழப்பு அட்டை தனி மூட்டை, உள்தாள் தனி மூட்டை. கட்டு வந்தவுடன் அட்டையை உரிப்பதுதான் முதல் வேலை. இருபது வருடமாக என்னோடு நிற்கும் அஜேஷ், நான் சாப்பிடப் போன நேரத்தில் பதினாறையும் உரித்துப் போட்டான். அன்று சாயங்காலமே அட்டை மூட்டை மில்லுக்குப் போய்விட்டது. "ஏதோ ஸ்கூல் சீலாக்கும் இருந்தது அண்ணே" என்றான் பிறகு. என் சாட்சியை என் கடையே உரித்துவிட்டது. அவனைத் திட்டவும் வழியில்லை, நான் படிப்பித்த வேலைதான்.

ஆனால் ஒன்றை உரிக்க முடியாது. சாப்பிட்டு வந்து கட்டைத் தூக்கினேன். மேல்மூலையில் ஓட்டை.

நினைவிருக்கிறதா? ஜூனில் வகுப்பு தொடங்கியதும் ஒரு வருடத்து இதழ்கள் பன்னிரண்டையும் என்னிடம் தந்து, ஓட்டை போட்டுச் சணலில் கோத்து ஆணியில் தொங்கவிடச் சொன்னீர்கள். நான் ஒடிந்த குடையின் கம்பியை அடுப்பில் காய்ச்சி இறக்கினேன். பின் அடித்த பக்கம் தடித்திருந்ததால் வெளி மூலையில் போட்டேன். ஒவ்வொன்றும் கோணல், ஓரம் கருகல். "அழகாப் போடத் தெரியாதா டே" என்று தலையில் குட்டினீர்கள். என்னிடம் இருக்கும் பதினாறில் முதல் பன்னிரண்டில் அந்தக் கோணல் ஓட்டை உண்டு. பின்னால் வந்த நாலில் இல்லை. அதாவது, எடுத்தவர் கட்டை எடுத்தார், அதற்குப் பிறகு வந்தவற்றைக் காசு கொடுத்து வாங்கினார். கடலை தின்னத் திருடியவன் அப்படிச் செய்வானா?

ஜூன் இதழும் என் கையில் இருக்கிறது. பதினோராம் பக்கம் உள்ளேயே இருக்கிறது, கிழியவில்லை. நான் சொல்வதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். நம்ப வேண்டாம். உங்கள் நாட்குறிப்பைத் திறந்து, உங்கள் தாளை நீங்களே பாருங்கள். கம்பி அட்டையிலிருந்து அட்டை வரை எல்லாத் தாளையும் துளைத்தது. உங்கள் தாளின் வெளி மூலையில் கருகின ஓட்டை உண்டா, இல்லையா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் போதும்.

மூன்று முறை கேட்டேன் என்கிறீர்கள். கேட்டீர்கள். "ஏன் எடுத்தாய்?" என்று மூன்று முறை. "எடுத்தாயா?" என்று ஒரு முறையும் கேட்கவில்லை.

மில்லுக்கு அடுத்த லோடு ஏப்ரல் 20ஆம் தேதி. பதில் வராவிட்டால் கட்டும் லோடில் போகும். நான் சொன்னால் சொன்னதுதான் என்று இந்த ரோட்டில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம்.

ஜெயதாஸ்


பூவார்
2 ஏப்ரல் 2024

திரு. ஜெயதாஸ் அவர்களுக்கு,

ஈஸ்டர் வாரம். மகள் ஷாலுவும் குடும்பமும் வந்திருந்தார்கள். அதனால் பதில் தாமதம்.

கட்டு எந்த வீட்டிலிருந்து வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் எதுவும் சொல்ல முடியாது. யாருடைய வீடு? எந்த ஊர்? இடிப்பதற்கு ஒழித்துக்கொடுத்தவர் யார்?

லோடில் போடுவதாக மிரட்ட வேண்டாம். என் கதைகள் கூழாவதை நான் ஏற்கெனவே ஒரு முறை பார்த்தவள்.

புஷ்பபாய்


உதியன்குளங்கரை
8 ஏப்ரல் 2024

டீச்சருக்கு,

ஓட்டை உண்டா என்று கேட்டேன். வீடு எது என்று கேட்கிறீர்கள்.

ஈஸ்டர் முடிந்துவிட்டது. ஒரு தாளைத் திருப்பிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். எனக்குப் பழைய தாளோடு பழக்கம். நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வீடு எது என்று சொன்னால் இன்றைக்கே என் பக்கம் ஜெயிக்கும். அதனால்தான் சொல்லவில்லை. என் வீட்டுக்காரி ஸ்டெல்லாபாயிடம் மட்டும் சொன்னேன். "அவங்க ஒத்தைக்கு இருக்கியாங்க, செத்தவரை இழுத்து என்னத்துக்கு நோவடிக்கணும்" என்றாள். சரிதான். எனக்கு என் பெயர் மட்டும் போதும். அதற்கு உங்கள் கையில் இருக்கும் தாளே போதும்.

பன்னிரண்டு நாள் இருக்கிறது.

ஜெயதாஸ்


பூவார்
13 ஏப்ரல் 2024

ஜெயதாஸ்,

ஓட்டை இல்லை. நாலு மூலையும் முழுசாக இருக்கின்றன.

உன் மார்ச் 23ஆம் தேதிக் கடிதம் வந்த அன்றே பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், கண்ணாடி மாற்றிப் பார்த்தேன். அதற்குப் பிறகு உட்கார்ந்து ஈஸ்டர், விருந்தாளி, வீடு எது என்றெல்லாம் எழுதினேன். நீ சொன்னது சரி, பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். ஐம்பது வருடமாக உன்மேல் குற்றம் சொன்ன அதே தாள்தான், நீ எடுக்கவில்லை என்றும் சொல்லிக்கொண்டிருந்தது. கறையைப் பார்த்தேன், மூலையைப் பார்க்கவில்லை. அந்த இதழ் பாறசாலையில் எத்தனையோ வீட்டில் வாங்கினார்கள். யார் வீட்டுத் தாளோ அது. உன்னைக் கொண்டு ஓட்டை போட வைத்து, கோணல் என்று தலையில் குட்டியவளுக்கு அந்த ஓட்டை ஞாபகம் வரவில்லை.

'செத்தவரை' என்று எழுதிவிட்டாய். நீ கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். அதைப் படித்த பிறகு உன் முதல் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். படம் வரைகிற கெட்டித்தாள். வருடாவருடம் புதுப் பாச்சை உருண்டை.

நம் பள்ளி டிராயிங் மாஸ்டர் ராஜதாஸ் உனக்கு நினைவிருப்பார். 1977இல் என்னைக் கட்டினார். மூன்று வருடம் முன்பு போனார். அவருடைய குடும்ப வீடு கள்ளிக்காட்டில். கிறிஸ்துமஸ் கழிந்ததும் ஒவ்வொரு வருடமும் ஒரு நாள் தனியாக அங்கே போவார். கேட்டால், "பரணில எலி மருந்து வைக்கணும்" என்பார். நானும் வாறேன் என்றால், "அங்க முழுக்கத் தூசியாக்கும், உனக்கு இளைப்பு வரும்" என்பார். நாற்பத்துமூன்று வருடம் அந்த எலிகளை நான் நம்பினேன்.

அவருடைய அண்ணன் மகன் ஜிஜோவிடம் எழுதிக் கேட்டேன். வீட்டை இடிக்கும் முன் பேப்பரெல்லாம் உதியன்குளங்கரை கடைக்குக் கொடுத்ததாகப் பதில் வந்தது.

எதற்காக எடுத்தார் என்று எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே, என் கதைகளை வரிவரியாகச் சொல்லிக் காட்டுவார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டால் சிரிப்பார். எடுத்தபோது திருட்டென்றே நினைத்திருக்க மாட்டார். புதன்கிழமை உன்னை வகுப்பு வாசலில் நிறுத்தி நான் கத்தியபோது, அவர் அடுத்த வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டுக்கொண்டிருந்தார். சாக்பீஸ் சத்தம் நின்றது. அப்போது எனக்குக் காது நன்றாகக் கேட்கும். சத்தம் நின்றதும், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பத் தொடங்கியதும் எனக்குக் கேட்டது. அதைப் பற்றி இன்றுவரை யோசித்ததில்லை.

என் பெட்டி கூழானபோது நான் அழுதேன். "போட்டும், விடு" என்றார். எழுந்து வெளியே போய் ஒரு மணி நேரம் தென்னைமரத்தடியில் நின்றார். அன்று வாயைத் திறந்திருந்தால் என் கதைகள் கிடைத்திருக்கும், திருடனும் கிடைத்திருப்பான். அவருக்கு ஒன்றைக் கொடுத்து ஒன்றை மறைக்க முடியவில்லை.

நீ கேட்ட பக்கத்தை எழுதுகிறேன். லோடில் போட வேண்டாம் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. உன் இஷ்டம்.

புஷ்பபாய்


உதியன்குளங்கரை
19 ஏப்ரல் 2024

டீச்சருக்கு,

கட்டு ஒருநாளும் லோடில் போகாது. வந்த அன்றே மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். மிரட்டினால்தான் நீங்கள் தாளைத் திருப்பிப் பார்ப்பீர்கள் என்று நினைத்தேன். வியாபாரத்தில் அப்படித்தான் செய்வோம். உங்களிடம் செய்தது சரியில்லை.

இந்தக் கடிதத்தோடு அஜேஷ் கட்டைக் கொண்டுவருகிறான். பதினாறும் இருக்கின்றன. அட்டை இல்லாததற்கு மன்னிக்கவும். கெட்டித்தாளை நான் மூட்டையில் போடாமல் அப்படியே வைத்திருக்கிறேன். உள்பக்கம் பாருங்கள், பென்சிலில் ஒரு மாங்காய் வரைந்து அழித்த தடம் இருக்கிறது, மாஸ்டர் எங்களுக்குப் பலகையில் போட்டுக்காட்டும் அதே மாங்காய். அதைப் பார்த்துத்தான் எனக்கும் உறுதியானது.

மாஸ்டர்மேல் எனக்குக் கோபம் வருமென்று நினைத்தேன். அரைகுறையாகத்தான் வருகிறது. நான் நெய்யாற்றின்கரைக்குப் போன பிறகு ஒருநாள் அந்தக் கடைக்கு வந்தார். ஒன்றும் பேசவில்லை. என் கையில் ஒரு பெட்டி கலர் பென்சில் தந்துவிட்டுப் போனார். அது எதற்கென்று எனக்கு அப்போது விளங்கவில்லை. மூட்டை தூக்குகிறவனுக்குக் கலர் பென்சில் எதற்கு? பிறகு யாருக்கோ கொடுத்துவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது எனக்குப் பயன்பட்டிருக்கும்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். புத்தகத்தில் மாஸ்டர் பெயர் வேண்டாம். எடுத்தவன் யார் என்று எழுத வேண்டாம். எடுக்காதவன் யார் என்று மட்டும் எழுதுங்கள். நீங்கள் சபைக்குப் போகிறவர்கள். உங்களுக்கும் ஒரு வாசல் உண்டு, அங்கே நின்று சிரிக்கிறவர்களும் உண்டு. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஜெயதாஸ்


பூவார்
27 ஜூலை 2024

ஜெயதாஸ்,

புத்தகம் வந்துவிட்டது. முதல் பிரதியை உனக்கு அனுப்புகிறேன்.

ஏழு கதைகளும் இருக்கின்றன. எட்டாவதையும் போடச் சொன்னேன். அனூப் தயங்கினார். "டீச்சர், புதுசா திருத்தி எழுதிக் கொடுங்களேன்" என்று எழுதிக் காட்டினார். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. மாற்றினால் நான் அப்படி எழுதவே இல்லை என்றாகிவிடும். கதைக்குக் கீழே இதைச் சேர்த்திருக்கிறேன்:

'இந்தக் கதையில் வரும் முன்பல் உடைந்த பையன், 1975இல் என் வகுப்பில் படித்த ஜெயதாஸ். கதையில் அவன் கட்டை எடுத்தான். உண்மையில் அவன் எடுக்கவில்லை. எடுத்தவர் எங்கள் பள்ளி ஓவிய ஆசிரியர், பின்னாளில் என் கணவர், ராஜதாஸ். அவர் எடுத்துப் பாதுகாத்ததால்தான் இந்தப் புத்தகத்தின் ஏழு கதைகள் கிடைத்தன. என் கையில் இருந்த தாளை நான் சரியாகப் பார்த்திருந்தால், அந்தப் பையன் ஆறாம் வகுப்புக்குப் போயிருப்பான். புஷ்பபாய்.'

மாஸ்டர் பெயர் வேண்டாம் என்று நீ எழுதியதைப் பல நாள் யோசித்தேன். எடுத்தவர் பெயரைச் சொல்லாமல் விட்டால், படிக்கிறவர்கள் வேறு யாரையாவது தேடுவார்கள். அந்த வகுப்பில் இன்னும் முப்பத்தொன்பது பேர் இருந்தார்கள். இன்னொரு பல்லோ, இன்னொரு நொண்டிக் காலோ மாட்டிக்கொள்ளும். ஒரு தடவை செய்ததே போதும்.

"அப்பாவ இப்படி அச்சில போடணுமாம்மா?" என்று ஷாலு கேட்டாள். அதை ஒரு தாளில் எழுதி என் முன்னால் வைத்தாள். பிறகு பத்து நாள் எதுவும் எழுதவில்லை. பதினோராம் நாள் வந்து கட்டைப் பிரித்து உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தாள். போகும்போது ஒரு பாச்சை உருண்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

சபை வாசலில் நிற்பது பற்றி எழுதியிருந்தாய். நின்று பார்த்தேன். என்ன பேசுகிறார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அது மட்டும் உனக்குக் கிடைக்காத சலுகை.

புஷ்பபாய்


உதியன்குளங்கரை
5 ஆகஸ்ட் 2024

டீச்சருக்கு,

புத்தகம் கிடைத்தது. அந்தப் பக்கத்தை ஸ்டெல்லாபாய் சத்தம் போட்டு வாசித்தாள். நான் இரண்டாவது தடவையும் வாசிக்கச் சொன்னேன். அவள் வாசிக்காமல் அடுக்களைக்குப் போய்விட்டாள். கண்ணைத் துடைக்கத்தான்.

ஞாயிறு சபைக்குக் கொண்டுபோனேன். 'பொட்டலம்' என்று விளிக்கிறவனிடம் அந்தப் பக்கத்தை விரித்துக் கொடுத்தேன். படித்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பித் தந்தான். பிறகு, "அப்போ இனி உன்னை என்னன்னுடே விளிக்க?" என்றான்.

"ஜெயதாஸ்னு ஒரு பேரு உண்டு" என்றேன்.

"அது வாயில வராதே."

"பழகும்."

மாஸ்டர் பெயரைப் போட்டது பற்றி எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் காரணம் விளங்கியது. அந்த முப்பத்தொன்பது பேரை நான் யோசிக்கவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன், பிறகு தெரிந்தால் திட்டுவீர்கள். கடையில் ஒடிந்த குடைக்குப் பஞ்சமில்லை. ஒரு கம்பியைக் காய்ச்சி, உங்கள் புதுப் புத்தகத்தின் வெளி மூலையில் ஓட்டை போட்டேன். நல்ல தடிப் புத்தகம், மூன்று தடவை காய்ச்ச வேண்டியிருந்தது. இந்தத் தடவையும் கோணல்தான். சணல் கோத்து, தராசுக்கு எதிரே ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். பேப்பர் போட வருகிறவர்கள் எடுத்துப் படிக்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் கொண்டுபோகட்டும். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுத்தால் போதும்.

ஜெயதாஸ்
ஐந்து பி